1915: இலங்கைக் கலவரமும் கடல் கடந்த நம் வணிகர்களும்

காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகூர் என நீளும் நம் கடற்கரை ஊர்களின் வரலாறு பாதி இக்கரையிலும் பாதி அக்கரையிலும் எழுதப்பட்டதாகும். ‘சபுர்’ போனவர்கள் அனுப்பிய பொருளால் இவ்வூர்களில் பள்ளிவாசல்கள் எழுந்தன, மதரஸாக்கள் நடந்தன, குமர்கள் கரையேறினர். அவ்வாறு போனவர்கள் சேர்த்த செல்வத்தைப் பற்றி நாம் பெருமையுடன் பேசுகிறோம். அவர்கள் இழந்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான கடைகளை இழந்து, வெறுங்கையுடன் நின்ற ஒரு தலைமுறையின் கதை நம்மில் பலருக்குத் தெரியாமலே போய்விட்டது. 1915ஆம் ஆண்டு இலங்கையில் நிகழ்ந்த கலவரமே அது.

இக்கட்டுரையின் நோக்கம் பழைய புண்ணைக் கிளறுவதன்று. அயல்மண்ணில் கடை வைத்துப் பிழைக்கும் ஒரு சிறுபான்மைச் சமூகம் எவ்வாறு ஒரு நகரக் கலவரத்தின் முதல் இலக்காகிறது என்பதையும், அது தணிந்தபின் அச்சமூகத்தின் நிலை என்னவாகிறது என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். இன்றும் நம் பிள்ளைகள் பல நாடுகளில் வணிகம் செய்கின்றனர். ஆகவே இது பழங்கதை மட்டுமன்று.

சம்மான்காரர்கள்

இலங்கையில் சோனகர் என அழைக்கப்பெறும் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாக அம்மண்ணில் வேரூன்றியவர்கள். கண்டி அரசர்களின் காலத்தில் அவர்கள் மலைநாட்டில் குடியமர்ந்து, அரண்மனைக்கு மருத்துவம் முதலிய பணிகள் செய்து, சிங்கள மக்களோடு இணக்கமாக வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் காப்பித் தோட்டங்களும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும் பெருகியபோது, தமிழகக் கரையிலிருந்து புதிதாக முஸ்லிம் வணிகர்கள் செல்லலாயினர். அரசின் குடிமதிப்பு ஏடுகளில் முன்னவர் ‘இலங்கைச் சோனகர்’ என்றும் பின்னவர் ‘கரையோரச் சோனகர்’ அல்லது ‘இந்தியச் சோனகர்’ என்றும் பிரித்துக் காட்டப்பட்டனர். 1911ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் முன்னவர் 2 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் இருந்தனர். பின்னவர் ஏறத்தாழ 33 ஆயிரம் பேரே.

சம்மான் என்னும் படகில் வந்தவர்கள் என்பதால் நம்மவர்களுக்குச் ‘சம்மான்காரர்’ என்று பெயர். சிங்கள மக்கள் அதனையே ‘ஹம்பயா’ எனத் திரித்து வழங்கினர். நாளடைவில் அது இழிசொல்லாயிற்று. கொழும்புக் கோட்டையை அடுத்த புறக்கோட்டையில், இரண்டாம் குறுக்குத் தெருவில், சிவப்பும் வெள்ளையுமாய் இன்றும் கம்பீரமாக நிற்கும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல் இவர்கள் எழுப்பியதே. 1908, 1909ஆம் ஆண்டுகளில் கட்டப்பெற்ற அப்பள்ளியைச் ‘சம்மாங்கோட்டுப் பள்ளி’ என்றே மக்கள் அழைக்கின்றனர். பெயரிலேயே நம் கரை இருக்கிறது.

இவர்களுடைய வணிகம் எத்தகையது என்பதை நோக்குவோம். பெருந்தோட்டங்களும் ஏற்றுமதியும் வெள்ளையர் வசம் இருந்தன. கடன் கொடுக்கும் தொழில் பெரும்பாலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் இருந்தது. நம்மவர்கள் கைக்கொண்டது சில்லறை வணிகம். அரிசி, கருவாடு, மிளகாய், புடவை, மண்ணெண்ணெய் ஆகியவற்றை மலைநாட்டின் சிற்றூர்கள் வரை கொண்டு சேர்த்தனர். ஊரிலிருந்து தம்பி, மைத்துனர், மருமகன் எனச் சிறுவயதிலேயே அழைத்துச் சென்று, கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கி, குறைந்த ஆதாயத்தில் விற்றனர். கையில் காசில்லாத குடியானவர்களுக்குக் கடனுக்கும் பொருள் கொடுத்தனர். குடும்பத்தை ஊரிலேயே விட்டுச் சென்றதால் ஈட்டிய பொருளை அங்குச் செலவிடாமல் இங்கு அனுப்பினர்.

இதே குணங்களை நாம் உழைப்பு என்றும் சிக்கனம் என்றும் போற்றுகிறோம். ஆனால் கடையின் மறுபக்கத்தில் நின்ற குடியானவன் இவற்றை வேறு கண்ணால் கண்டான். தன் ஊரில் தங்காதவன், தன் பெண்களை இங்குக் கொண்டுவராதவன், தன் காசைக் கப்பலேற்றுபவன் என்று அவன் எண்ணினான். அவன் பெயர் அந்தக் கடையின் கடன் ஏட்டில் இருந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. அக்காலத்தில் தாழ்நாட்டுச் சிங்களவரும் சில்லறை வணிகத்தில் இறங்கிப் போட்டியிடத் தொடங்கியிருந்தனர். அநகாரிக தர்மபாலவும் அவரையொத்த பௌத்த மறுமலர்ச்சியாளர் சிலரும் நம்மவர்களை மண்ணின் செல்வத்தைச் சுரண்டும் அந்நியராகச் சித்திரித்துப் பத்திரிகைகளில் எழுதினர். தீப்பிடிக்கும் சருகு இவ்வாறு சிறுகச் சிறுகச் சேர்ந்தது.

கம்பளை வழக்கு

சருகில் விழுந்த பொறி சமயம் சார்ந்தது. கண்டிக்குத் தெற்கே கம்பளை என்னும் ஊரில் வலஹகொட தேவாலயம் உள்ளது. அதன் ஆண்டுப் பெரஹரா ஊர்வலம் மேளதாளத்துடன் அம்பகமுவ வீதி வழியே செல்வது வழக்கம். அவ்வீதியில் கரையோர முஸ்லிம்களின் பள்ளிவாசல் ஒன்று அமைந்திருந்தது. தொழுகைக்கு இடையூறாகும் என்பதால் பள்ளியின் முன்னே கொட்டு முழக்கை நிறுத்த வேண்டும் என நம்மவர்கள் வேண்டினர். அரசு அதிகாரிகளும் 1912ஆம் ஆண்டில் அவ்வாறே கட்டுப்பாடு விதித்தனர்.

தேவாலயத்தின் பொறுப்பாளரான பஸ்நாயக்க நிலமே இதனை எதிர்த்துக் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1815ஆம் ஆண்டு கண்டி நாட்டைப் பிரிட்டிஷார் ஏற்றபோது செய்துகொண்ட ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு பௌத்த சமயத்தின் சடங்குகளைக் காப்பதாக உறுதியளித்தது என்பதே அவருடைய வாதம். நீதிபதியும் வரலாற்றறிஞருமான போல் பீரிஸ் 1914ஆம் ஆண்டு ஜூன் மாதம் தேவாலயத்திற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீடு செய்தது. 1915 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. கண்டி அரசு வீழ்ந்து சரியாக நூறாண்டு நிறைந்த வேளையில் வந்த இத்தீர்ப்பு, பௌத்தர்களின் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று.

இவ்விடத்தில் ஓர் உண்மையைக் கூறியாக வேண்டும். இலங்கைச் சோனகர்களின் பழைய பள்ளிவாசல்கள் வழியாகவும் ஊர்வலங்கள் சென்றதுண்டு. அங்கெல்லாம் நெடுங்காலப் பழக்கத்தால் ஒரு விட்டுக்கொடுப்பு இருந்தது. பெரியவர்கள் பேசி முடித்துக்கொள்வார்கள். புதிதாகச் சென்ற நம்மவர்களோ சட்டத்தின் துணையை நாடினர். சட்டப்படி அது அவர்களின் உரிமைதான். ஆயினும், நீதிமன்றத்தில் வென்ற வழக்கு தெருவில் ஒருவனையும் நமக்கு நண்பனாக்கித் தரவில்லை.

உலகப் போரும் விலையேற்றமும்

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. செப்டம்பர் மாதம் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய எம்டன் கப்பலை நம் மக்கள் மறக்கவில்லை. அதே கப்பல் இலங்கையைச் சுற்றிய கடலிலும் வணிகக் கப்பல்களை மூழ்கடித்துத் திரிந்தது. இலங்கையோ தான் உண்ணும் அரிசியில் பெரும்பகுதியை இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் பெற்றுவந்த நாடு. கப்பல் போக்குவரத்துத் தடைப்படவே விலைகள் ஏறின, வேலை குறைந்தது.

விலை ஏறியதற்குக் காரணம் போர். ஆனால் போரை யாரும் தெருமுனையில் காண முடியாது. கடைக்காரரைக் காணலாம். நேற்று ஒரு விலையும் இன்று ஒரு விலையும் சொல்பவர் அவரே. பொருளைப் பதுக்கினார், கொள்ளை இலாபம் அடித்தார் என்ற பேச்சு எழுந்தது. அப்படிச் செய்த வணிகர் ஒருவரும் இலர் என நாம் வாதிட வேண்டியதில்லை. எல்லாச் சமூகத்திலும் அத்தகையோர் உண்டு. ஆனால் ஒரு சிலரின் பேராசைக்கும் உலகப் போரின் விளைவுக்கும் சேர்த்து ஒரு சமூகம் முழுவதும் விலை கொடுக்க நேர்ந்தது.

ஒன்பது நாட்கள்

1915 மே 28ஆம் நாள் இரவு வெசாக் பௌர்ணமி. புத்தர் பெருமானின் பிறப்பை நினைவுகூரும் அப்புனித இரவில் பக்திப் பாடல் குழுக்கள் வண்டிகளில் கண்டி நகரத் தெருக்களைச் சுற்றி வந்தன. காஸில் ஹில் வீதியில் கரையோர முஸ்லிம்களின் பள்ளிவாசல் அருகே ஊர்வலம் நெருங்கியபோது, காவல்துறையினர் அதனை வேறு தெருவுக்குத் திருப்ப முயன்றனர். பள்ளிவாசல் அருகிலும் கடைகளிலும் நின்றிருந்தோர் சிலர் கூவி ஏளனம் செய்தனர் என்று கூறப்பட்டது. கல் பறந்தது. பள்ளிவாசலும் அதனைச் சூழ்ந்த கடைகளும் தாக்கப்பட்டன.

மறுநாளும் கண்டியில் கலவரம் தொடர்ந்தது. அங்கிருந்து மாத்தளை, கம்பளை, கடுகண்ணாவை என இருப்புப்பாதை வழியே பரவியது. தலதா மாளிகையை முஸ்லிம்கள் தாக்கிவிட்டனர் என்ற பொய்ச் செய்தி இரயில் போகும் இடமெல்லாம் அதனுடன் போயிற்று. மே 31 அளவில் கொழும்பு பற்றிக்கொண்டது. அங்கு இரயில்வேத் தொழிலாளர்கள் கலவரத்தில் முன்னின்றதை ஆய்வாளர் குமாரி ஜயவர்தன எடுத்துக்காட்டியுள்ளார். 1912ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் செய்து மனம் கசந்திருந்தவர்கள் அவர்கள்; விலையேற்றத்தின் அடியை முதலில் வாங்கியவர்களும் அவர்களே. பின்னர் மேல் மாகாணம், சப்ரகமுவ, வடமேல், தென் மாகாணங்கள் எனத் தீவின் பெரும்பகுதி கலவர நெருப்பில் வெந்தது.

ஜூன் 2ஆம் நாள் ஆளுநர் இராபர்ட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். ஏறத்தாழ ஒன்பது நாட்களில் கலவரம் அடங்கியது. அரசு தந்த கணக்கின்படி முஸ்லிம்கள் 25 பேர் கொல்லப்பட்டனர்; 189 பேர் காயமுற்றனர்; பெண்கள் நால்வர் மானபங்கம் செய்யப்பட்டனர். 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. 86 பள்ளிவாசல்கள் சேதப்படுத்தப்பட்டன. சூறையாடப்பட்ட கடைகள் 4,075.

இவ்வெண்களைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டுகிறோம். உயிரிழப்பைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருப்பது கடைகளின் எண்ணிக்கை. கூட்டம் கொல்வதற்காக மட்டும் வரவில்லை. துடைத்து எடுப்பதற்காக வந்தது. கடன் ஏடுகள் கடைகளோடு எரிந்தன. ஏடு எரிந்தால் கடனும் எரிந்தது. கரையோரச் சோனகர் மீது எழுந்த சினம் இலங்கைச் சோனகரையும் விட்டுவைக்கவில்லை. பல நூற்றாண்டுகளாக அங்கேயே பிறந்து அங்கேயே மடிந்த குடும்பங்களும் தாக்கப்பட்டன. தாக்க வந்தவன், ‘நீ எந்தச் சோனகன்?’ எனக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அதே வேளையில், அண்டை வீட்டாரைத் தம் இல்லத்தில் மறைத்துக் காத்த சிங்களப் பெருமக்களும் இருந்தனர் என்பதை நன்றியோடு நினைவுகூர்தல் நம் கடமையாகும்.

கலவரத்திற்குப் பின்

தொடக்கத்தில் தயங்கிய அரசு, பின்னர் அளவுக்கு மீறிய கொடுமையில் இறங்கியது. மதச் சண்டையாகத் தொடங்கிய ஒன்றை, பேரரசுக்கு எதிரான சதி என அது கருதியது. பஞ்சாபியப் படையினரும் வெள்ளைத் தோட்ட முதலாளிகளைக் கொண்ட தொண்டர் படையும் ஊர்களுக்குள் அனுப்பப்பட்டனர். விசாரணையின்றி மக்கள் சுடப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர். கொழும்பின் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் ஹென்றி பேதிரிஸ் இராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டு 1915 ஜூலை 7ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். மதுவிலக்கு இயக்கத் தலைவர்களான எஃப்.ஆர். சேனநாயக்க, டி.எஸ். சேனநாயக்க முதலியோரும் சிறையிலிடப்பட்டனர். ஆகஸ்ட் இறுதிவரை இராணுவச் சட்டம் நீடித்தது.

இவ்வடக்குமுறையை எதிர்த்துச் சட்டமன்றத்தில் முழங்கியவர் தமிழரான சர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் இலண்டன் சென்று வாதாடினார். ‘இலங்கையில் கலவரமும் இராணுவச் சட்டமும்’ என்னும் பொருளில் 1916ஆம் ஆண்டு ஆங்கில நூலொன்றும் வெளியிட்டார். அவர் திரும்பி வந்தபோது சிங்கள மக்கள் அவருடைய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றனர். அடக்குமுறையை அவர் எதிர்த்தது நியாயமே. அப்பாவிச் சிங்களவர் சுடப்பட்டதும் அநீதியே. ஆயினும் கடையிழந்து, பள்ளியிழந்து நின்ற தமிழ் பேசும் முஸ்லிம்களுக்காக அதே வலிமையுடன் ஒலித்த குரல் எதுவும் இல்லை. சோனகர்கள் இனத்தால் தமிழரே என 1888ஆம் ஆண்டில் ஆய்வுரை எழுதியவரும் இராமநாதனே. நம்மைத் தம்மவர் என்று எழுதியவர், நாம் அடிபட்டபோது அடித்தவர் பக்கம் நின்றார் என முஸ்லிம்கள் கருதினர். இலங்கையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே விழுந்த பிளவை ஆராய்வோர் 1915ஐக் குறிப்பிடாமல் விடுவதில்லை.

இழப்பீட்டிற்கென அரசு தனிச் சட்டம் ஒன்றை அவ்வாண்டே இயற்றியது. கலவரம் நடந்த பகுதிகளின் சிங்கள மக்களிடம் பணம் வசூலித்து, இழந்தவர்களுக்கு வழங்குவதே அதன் ஏற்பாடு. குற்றம் செய்தவர், செய்யாதவர் எனப் பாராமல் வசூலித்தமையால் புதிய மனக்கசப்பு விளைந்தது. அரசு விதித்த தண்டம் முஸ்லிமின் பெயரால் நினைவிலிருத்தப்பட்டது.

காலப்போக்கில் 1915ஆம் ஆண்டு இலங்கை விடுதலை வரலாற்றின் ஓர் அத்தியாயமாயிற்று. வெள்ளையரின் கொடுமை, பேதிரிஸின் மரணம், சிறை சென்ற தலைவர்கள் ஆகியவையே பாடநூல்களிலும் மேடைகளிலும் முன்னிற்கலாயின. சிறையிருந்த டி.எஸ். சேனநாயக்க 1947ஆம் ஆண்டில் அந்நாட்டின் முதல் பிரதமரானார். அவருடைய அமைச்சரவையில் முஸ்லிம் தலைவரான டி.பி. ஜாயா இடம்பெற்றார். இரு சமூகங்களும் மீண்டும் கைகோத்தமைக்கு இது நற்சான்று. ஆனால் அந்த 4,075 கடைகளின் உரிமையாளர் யாவர், எந்த ஊரினர், மீண்டும் கடை திறந்தார்களா, இல்லையேல் ஊர் திரும்பி என்ன ஆனார்கள் என்பதை எழுதி வைத்தவர்கள் மிகச் சிலரே. அவர்கள் அங்கு அந்நியர். இங்கோ கண்ணுக்கு எட்டாதவர்கள்.

கரையோரச் சோனகரின் செல்வாக்கு அதன்பின் மெல்லத் தேய்ந்தது. இலங்கைச் சோனகர் தம்மை இம்மண்ணின் மைந்தர் என வேறுபடுத்திக் காட்டும் தேவை முன்னினும் மிகுந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை மட்டுமல்லாமல் நம் வணிகரையும் பாதித்தது. விசாக் கட்டுப்பாடும் பணம் அனுப்பும் கட்டுப்பாடும் இறுகவே, 1950களிலும் 60களிலும் பலர் கடையைக் கைமாற்றிவிட்டு ஊர் திரும்பினர்.

இரங்கூனிலும் இதே கதை

இலங்கை மட்டும் விதிவிலக்கன்று. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். அவர்களுள் ‘சூலியா’ எனப்பட்ட நம் தமிழ் முஸ்லிம் வணிகரும் அடங்குவர். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தபோது பர்மியக் குடியானவர் நிலம் இழந்தனர். அந்நியர் மீது வெறுப்பு மூண்டது. பௌத்தத்தைப் பழிப்பதாகக் கூறப்பட்ட ஒரு பழைய நூல் மறுபதிப்பாக வெளிவந்ததைப் பர்மியப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தின. 1938 ஜூலை 26ஆம் நாள் ஷ்வேடகோன் பகோடாவில் கண்டனக் கூட்டம் நடந்தது. அங்கிருந்து புறப்பட்ட ஊர்வலம் சூர்த்தி கடைவீதியை நோக்கிச் சென்றது. அதன்பின் நாடெங்கும் பல வாரங்கள் இந்திய முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அரசு அமைத்த விசாரணைக் குழு, நூல் ஒரு சாக்கு மட்டுமே. நிலம், பிழைப்பு, அரசியல், பத்திரிகைகளின் தூண்டுதல் ஆகியவையே உண்மைக் காரணங்கள் என்று அறிவித்தது.

கம்பளையின் கொட்டு முழக்கும் இரங்கூனின் நூலும் ஒரே வேலையைத்தான் செய்தன. சமயம் வாசலைத் திறந்தது. உள்ளே நுழைந்தவை பசியும் பொறாமையும் வதந்தியும்.

பிற சமூகங்களின் பாடம்

நம் சமூகத்திற்கு மட்டுமே இவ்வாறு நேர்வதாக எண்ணுவது சரியன்று. 1983 ஜூலையில் கொழும்பு புறக்கோட்டையிலும் பிற பகுதிகளிலும் தமிழ் வணிகரின் கடைகள் எரிந்தன. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1992 ஏப்ரல் 29 அன்று மூண்ட கலவரத்தில் ஏறத்தாழ 2,300 கொரியக் கடைகள் சூறையாடப்பட்டன அல்லது சேதமடைந்தன. கறுப்பின இளைஞர் ஒருவரை அடித்த வெள்ளைக் காவலர்கள் விடுவிக்கப்பட்டதே அங்கு எழுந்த சினத்திற்குக் காரணம். அத்தீர்ப்போடு கொரியருக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆனால் ஏழைக் கறுப்பின மக்களின் தெருவில் கடை வைத்திருந்தவர்கள் அவர்களே. சில்லறைச் சச்சரவுகளால் மனக்கசப்பும் முன்பே இருந்தது. காவல்துறை அவர்களைக் காக்க வரவில்லை. கடை உரிமையாளர் பலரிடம் போதிய காப்பீடு இல்லை. அதனால் பலர் மீண்டும் கடை திறக்கவே இயலவில்லை. அந்நாளைக் கொரியர் ‘சா-இ-கு’, அதாவது ‘நான்கு-இரண்டு-ஒன்பது’ என்று தேதியாலேயே இன்றும் நினைவுகூர்கின்றனர். அதன்பின் அவர்கள் வாக்காளர் பட்டியலிலும் நகராட்சி அரசியலிலும் ஈடுபாடு காட்டினர். கறுப்பின மக்களோடு உரையாடல் தொடங்கினர்.

இலங்கையிலோ பழைய கதை புதிய கருவியோடு திரும்பி வந்தது. 2014 ஜூனில் அளுத்கமையிலும், 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனையிலும், 2019ஆம் ஆண்டு ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப்பின் மே மாதத்தில் மினுவாங்கொடை முதலிய ஊர்களிலும் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. திகனைக் கலவரத்தின் தொடக்கம் ஒரு சாலைச் சச்சரவு. முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கியதில் சிங்கள லாரி ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். அச்செய்தி முகநூல் வழியே வெறுப்பாக மாறி ஊரெங்கும் பரவியது. அரசு நெருக்கடி நிலையை அறிவித்துச் சமூக ஊடகங்களை முடக்க நேர்ந்தது. 2020ஆம் ஆண்டில் முகநூல் நிறுவனமே தன் பங்கிற்கு வருத்தம் தெரிவித்தது. 1915இல் வதந்தி இரயிலில் போயிற்று. 2018இல் கைப்பேசியில் போயிற்று. வேறுபாடு அவ்வளவே.

நாம் பெறவேண்டிய படிப்பினை

முதலாவது, அண்டை அயலார். கடை வைத்திருக்கும் ஊரின் நல்லது கெட்டதில் பங்கேற்காமல், விற்பதும் ஈட்டுவதும் மட்டுமே உறவாக இருக்குமானால், இக்கட்டான வேளையில் நமக்காகக் கதவு திறப்பவர் குறைவாகவே இருப்பர். கொடுத்த சரக்கிற்கு நேர்மையான விலை, தட்டுப்பாட்டுக் காலத்தில் நிதானம், அவ்வூர்ப் பள்ளிக்கூடத்திற்கும் மருத்துவமனைக்கும் இயன்ற உதவி ஆகியவை தருமம் மட்டுமல்ல, பாதுகாப்புமாகும்.

இரண்டாவது, உரிமையும் இணக்கமும். வழக்காடும் உரிமையை நாம் கைவிட வேண்டியதில்லை. எனினும் ஊர்வலம், ஒலிபெருக்கி, பாதை போன்றவற்றில் வழக்கு மன்றத்திற்கு முன்னர்ப் பேச்சு மன்றம் ஒன்று வேண்டும். இரு தரப்புப் பெரியவர்களும் பண்டிகைக்கு முன்பே அமர்ந்து பேசுவது, பண்டிகை இரவில் காவலர் நின்று திருப்புவதைவிட மேலானது. ஏளனமாக எழும் ஒரு கூச்சலுக்குச் சமூகம் முழுவதும் விலை கொடுக்க நேரலாம் என்பதை நம் இளைஞர்களுக்கு எடுத்துரைப்பது பெரியோரின் பொறுப்பு.

மூன்றாவது, வதந்தி. காதில் விழுந்ததையெல்லாம் பரப்புதல் பாவம் என நம் மார்க்கம் எச்சரிக்கிறது. கைப்பேசியில் வந்த செய்தியை அனுப்புமுன் அது உண்மைதானா என விசாரிப்பது இன்று உயிர் காக்கும் செயலாகும்.

நான்காவது, ஆவணம். இதனை நாம் அழுத்திக் கூற விரும்புகிறோம். கடையின் உரிமைப் பத்திரம், சரக்குக் கணக்கு, காப்பீடு, குடியுரிமைத் தாள் ஆகியவற்றின் படி ஒன்று கடைக்கு வெளியே இருத்தல் வேண்டும். எரிந்த ஏட்டைக் காட்டி எந்த அரசிடமும் எவரும் நியாயம் பெற இயலாது.

தனி மனிதருக்கு உரிய இவ்விதி சமூகத்திற்கும் உரியதே. இவ்வாண்டறிக்கையில் நாம் வரவு செலவை ஓர் அணா பிசகாமல் பதிவு செய்கிறோம். நம் மூதாதையரின் வாழ்வையும் இழப்பையும் பதிவு செய்தோமா? இலங்கையிலும் பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்திய குடும்பங்களின் பழைய பேரேடுகள், அரபுத் தமிழில் எழுதிய கடிதங்கள், கடவுச்சீட்டுகள், புகைப்படங்கள் இன்னும் சில வீடுகளின் தகரப் பெட்டிகளில் இருக்கக்கூடும். கரையான் அரிக்குமுன் அவற்றை வெளியே எடுத்து, ஜமாஅத் அலுவலகத்தில் காட்டிப் படியெடுத்துக்கொள்ள உதவுமாறு உறுப்பினர்களை அன்போடு வேண்டுகிறோம். மூலத்தை உரியவரே வைத்துக்கொள்ளலாம். வயது முதிர்ந்தோர் தம் தந்தையர் சொல்லக் கேட்டவற்றை இளையோர் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். 4,075 கடைகளில் ஒரு கடையின் கதையாவது நம் ஊரிலிருந்து கிடைக்குமானால், அரசுக் கணக்கில் வெறும் எண்ணாகக் கிடப்பவர்களில் ஒருவருக்கேனும் பெயரைத் திருப்பித் தந்தவர்களாவோம்.

கடல் கடந்து சென்று, உழைத்து, இழந்து, அங்கேயே அடக்கமான அனைவருக்கும் அல்லாஹ் மறுமையில் நற்பேற்றை வழங்குவானாக. இன்று பல நாடுகளில் வாழும் நம் மக்களையும், அவர்களுக்கு இடம் தந்த அந்நாடுகளின் மக்களையும் அமைதியில் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.